எந்தப் படம் ஓகே, எந்த கேம் வேண்டாம்? அமெரிக்க கிறிஸ்தவ பெற்றோர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? - முழு விளக்கம்

‘இந்தப் படத்தை பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?’, ‘இந்த கேமை போன்ல ஏத்திக் கொடுக்கலாமா?’ - எல்லா வீட்டிலும் வரும் கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே தனி இணையதளங்கள், தனி ஆப், தனி ஸ்டூடியோ என ஒரு பெரிய உலகமே இருக்கிறது. வீட்டில் படத்தை வெட்டிப் பார்ப்பதற்கு தனிச் சட்டம்கூட உண்டு. இதற்கெல்லாம் பெரிய வாடிக்கையாளர்கள், அங்குள்ள கிறிஸ்தவ பெற்றோர்கள்.

இத்தனை வசதி இருந்தும் அவர்களுக்குள்ளேயே ஒரே முடிவு வருவதில்லை. ஒரே சர்ச்சுக்குப் போகும் இரண்டு குடும்பங்கள், ஒரே படத்துக்கு நேர் எதிரான பதில் சொல்கின்றன. ஏன் அப்படி? இதில் நமக்குத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

அரசே தடை செய்தால் என்ன?

நம்ம ஊரில் படம் வெளியாக வேண்டும் என்றால் தணிக்கைச் சான்று கட்டாயம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே படங்களுக்கு வயதுச் சான்று தருவது அரசு அல்ல, திரைப்பட நிறுவனங்களின் சங்கம். 1968 நவம்பரில் தொடங்கிய முறை இது. ஜி, பிஜி, பிஜி-13, ஆர், என்சி-17 என்று ஐந்து நிலைகள். ‘ஆர்’ என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோடு அல்லது பெரியவர் ஒருவரோடுதான் தியேட்டருக்குள் போக முடியும்.

வீடியோ கேம் கதையும் இதேபோலத்தான். ‘மோர்ட்டல் காம்பாட்’ போன்ற கேம்களில் ரத்தம் தெறிக்கிறது என்று 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அரசு உள்ளே வந்துவிடுமோ என்று பயந்த கேம் நிறுவனங்கள், 1994-ல் தாங்களே ஒரு வாரியத்தை அமைத்துக்கொண்டன. அதுதான் இஎஸ்ஆர்பி. ‘இ’ என்றால் எல்லோருக்கும், ‘டி’ என்றால் 13 வயதுக்கு மேல், ‘எம்’ என்றால் 17 வயதுக்கு மேல்.

சிறுவர்களுக்கு வன்முறை கேம்களை விற்கக்கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2005-ல் சட்டமே போட்டது. 2011-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அதை ரத்து செய்துவிட்டது. கேம்களும் புத்தகம், நாடகம், சினிமா போல பேச்சுரிமைப் பாதுகாப்புக்குள் வருபவை என்பது தீர்ப்பு. ஆக, வீட்டுக்குள் எது வரலாம் என்று முடிவெடுக்கும் வேலை மொத்தமாகப் பெற்றோர் தலையில்தான்.

சான்று இருக்கே, அது போதாதா?

போதாது என்பதற்கு ஒரு உதாரணம். 2010-ல் வந்த ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படம் திக்குவாயால் அவதிப்பட்ட பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜின் கதை. சண்டை இல்லை, ஆபாசம் இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி காட்சியில் மன்னர் கெட்ட வார்த்தைகளைக் கொட்டித் தீர்ப்பார். அதனால் படத்துக்கு ‘ஆர்’ சான்று. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கிய படம் அது. அதே சமயம், கட்டடங்கள் இடிந்து நகரமே அழியும் சூப்பர் ஹீரோ படங்கள் சர்வசாதாரணமாக பிஜி-13 வாங்குகின்றன.

சான்று தருபவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கெட்ட வார்த்தையை எண்ணலாம், ரத்தத்தை அளக்கலாம். அந்தக் காட்சி எதற்காக வருகிறது, கதை யார் பக்கம் நிற்கிறது என்பதை ஒரு எழுத்துக்குள் அடக்க முடியாது. இந்த இடைவெளியைத்தான் கிறிஸ்தவ விமர்சனத் தளங்கள் நிரப்ப வந்தன.

அந்தத் தளங்கள் என்ன செய்கின்றன?

அதிகம் பேசப்படும் தளம் ‘பிளக்ட் இன்’. கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’ என்ற அமைப்பு நடத்துவது. இந்தத் தளத்தின் விமர்சனம் நம்ம ஊர் சினிமா விமர்சனம் போல இருக்காது. ‘ஹீரோ அசத்தியிருக்கிறார், இரண்டாம் பாதி இழுவை’ என்பதைத் தேடினால் கிடைக்காது. அதற்குப் பதில் தனித்தனி தலைப்புகள் இருக்கும். நல்ல அம்சங்கள் என்ன, ஆன்மிகம் பற்றிய விஷயங்கள் என்ன, பாலியல் காட்சிகள், வன்முறை, கெட்ட வார்த்தைகள், மது மற்றும் போதை என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவார்கள். எந்தக் கெட்ட வார்த்தை எத்தனை முறை வருகிறது என்பதுவரை எண்ணிச் சொல்வதும் உண்டு.

கத்தோலிக்கர்கள் இதை இன்னும் முன்பே தொடங்கிவிட்டார்கள். 1930-களிலேயே ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ என்ற இயக்கம் படங்களைத் தரம் பிரித்தது. மோசமான படங்களைப் பார்க்க மாட்டோம் என்று ஆலயங்களில் மக்கள் உறுதிமொழியே எடுத்தார்கள். ஹாலிவுட் அதைப் பார்த்துப் பயந்த காலம் ஒன்று இருந்தது.

மதம் சாராத ‘காமன் சென்ஸ் மீடியா’ தளமும் 2003 முதல் இதே வேலையைச் செய்கிறது. கிறிஸ்தவ பெற்றோர்கள் பலர் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

சர்ச்சே டிக்கெட் வாங்கிய ‘ஆர்’ படம்

பட்டியல் போட்டு எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அசைத்துப் பார்த்த படம், 2004-ல் வந்த ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’. மெல் கிப்சன் இயக்கிய அந்தப் படத்தில் இயேசுவின் கடைசி மணி நேரங்கள்தான் கதை. சாட்டையடிக் காட்சிகளைக் கண்கொண்டு பார்க்க முடியாது. சான்று ‘ஆர்’.

வேறு எந்தப் படத்தில் இவ்வளவு ரத்தம் இருந்தாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கும் சர்ச்சுகள், இதற்கு மொத்தமாக டிக்கெட் வாங்கின. தியேட்டர்களையே முன்பதிவு செய்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 37 கோடி டாலர் வசூல். அடுத்த ஆண்டு கிப்சன் சில நிமிட வன்முறையை வெட்டி இன்னொரு பதிப்பு வெளியிட்டார். அதற்கும் ‘ஆர்’ சான்றுக்குக் கீழே வர முடியவில்லை.

அப்போ வன்முறை சரியா, தப்பா? பைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். தாவீது கோலியாத்தின் தலையை வெட்டுகிறான். காயீன் தம்பியைக் கொல்கிறான். பிளக்ட் இன் பாணியில் பட்டியல் போட்டால் பைபிளே ‘ஆர்’ வாங்கும் என்பது அங்குள்ள கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வாதம். வன்முறை இருக்கிறதா என்பது முதல் கேள்விதான். அந்த வன்முறையைக் காட்டி படம் என்ன சொல்ல வருகிறது என்பது இரண்டாவது கேள்வி. ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு வலி தெரிகிறதா, குஷி வருகிறதா? எந்தத் தளமும் இதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மந்திரம் வந்தால் என்ன செய்வது?

கிறிஸ்தவ வீடுகளில் வன்முறையைவிட அதிகச் சண்டை வந்தது மந்திரத்துக்குத்தான். மாந்திரீகத்தை விலக்கச் சொல்லும் கட்டளை பைபிளின் உபாகமம் நூலில் இருக்கிறது. இதைக் காட்டித்தான் ‘ஹாரி பாட்டர்’ வேண்டாம் என்றார்கள். 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு சர்ச், ஹாரி பாட்டர் புத்தகங்களை நெருப்பில் போட்டது. 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில் அதிக எதிர்ப்புப் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலில் முதலிடம் இந்த வரிசைக்குத்தான்.

ஆனால் ‘நார்னியா’ கதைகளிலும் சூனியக்காரி உண்டு, மந்திரம் உண்டு. அதை எழுதிய சி.எஸ். லூயிஸ் பெயர் பெற்ற கிறிஸ்தவ எழுத்தாளர். கதையில் வரும் அஸ்லான் என்ற சிங்கம், மற்றவன் செய்த தப்புக்காக உயிரைக் கொடுத்து மீண்டும் எழுகிறது. 2005-ல் அது படமானபோது சர்ச்சுகளைத் தேடிப்போய் விளம்பரம் செய்தார்கள். ஒரு வீட்டில் நார்னியா ஓகே, பாட்டர் கூடாது. பக்கத்து வீட்டில் இரண்டும் ஓகே. இன்னொரு வீட்டில் இரண்டுமே கூடாது.

இந்த வித்தியாசத்தைக் கையாள அவர்கள் அடிக்கடி திருப்புவது, பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 14-ம் அதிகாரத்தை. அங்கே பிரச்னை சாப்பாடு. ஒருவர் எல்லாவற்றையும் சாப்பிடுகிறார், இன்னொருவர் காய்கறி மட்டும் சாப்பிடுகிறார். ஒருவரை ஒருவர் குற்றவாளி ஆக்காதீர்கள், அதே சமயம் அடுத்தவர் இடறி விழ நீங்கள் காரணமாகவும் இருக்காதீர்கள் என்பது அதன் சாரம். சினிமாவுக்கும் கேமுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கும்போது நடைமுறையில் வரும் அர்த்தம் எளிது. உங்க வீட்டு விதியை அடுத்த வீட்டுப் பிள்ளை மேல் திணிக்காதீங்க. அந்தப் பிள்ளை உங்க வீட்டுக்கு வரும்போது, அவங்க அப்பா அம்மாவைக் கேட்காமல் படத்தைப் போடவும் போடாதீங்க.

பிடிக்காத காட்சியை வெட்டிவிட்டால்?

நியாயமான யோசனைதான். இதுக்காக பெரிய சட்டப் போராட்டமே நடந்திருக்கிறது.

யூட்டா மாநிலத்தின் ‘கிளீன்ஃபிளிக்ஸ்’ நிறுவனம் ஹாலிவுட் படங்களில் இருந்து ஆபாசம், கெட்ட வார்த்தைகளை வெட்டி, அந்த டிஸ்க்குகளை வாடகைக்கு விட்டது. இயக்குநர்கள் கொதித்தார்கள். எங்க படத்தை வெட்ட நீங்க யார் என்று வழக்கு நடந்தது. 2006-ல் நீதிமன்றம், இது காப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

இதற்கு ஒரு வருடம் முன்புதான் ‘ஃபேமிலி மூவி ஆக்ட்’ என்ற சட்டம் வந்திருந்தது. முறையாக வாங்கிய படத்தை வீட்டில் பார்க்கும்போது, சில காட்சிகளைத் தாண்டிப் போகவும் வசனத்தை மியூட் செய்யவும் அந்தச் சட்டம் அனுமதி தருகிறது. ஆனால் வெட்டிய படத்தைப் புதிய பிரதியாக்கி விற்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை நம்பி வந்தது ‘விட்ஏஞ்சல்’. இவர்களுடைய கணக்கு வித்தியாசமானது. 20 டாலருக்குப் படத்தை உங்களுக்கு ‘விற்பார்கள்’. எதை வெட்ட வேண்டும் என்று நீங்களே தேர்வு செய்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் 19 டாலருக்குத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆக, செலவு ஒரு டாலர். 2016-ல் டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. டிஸ்க்கின் பூட்டை உடைத்து நகல் எடுத்துத்தான் இதைச் செய்கிறார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2019-ல் நடுவர் குழு விதித்த இழப்பீடு 6.24 கோடி டாலர். கடைசியில் 2020-ல் 99 லட்சம் டாலர் தருவதாக சமரசம் ஆனது.

இப்போது இந்த வகை ஆப்கள், நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும் ஸ்ட்ரீமிங் தளத்தின் மேல் ஃபில்டர் போலச் செயல்படுகின்றன. அன்று வழக்கில் சிக்கிய நிறுவனம்தான் பிறகு ‘ஏஞ்சல் ஸ்டூடியோஸ்’ ஆகி, ‘சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்’ படத்தை 2023-ல் வெளியிட்டது. கிறிஸ்தவ குடும்பங்கள் திரண்டு வந்த படம்தான். ஆனால் அதன் கதை குழந்தைக் கடத்தல் பற்றியது, சான்று பிஜி-13. சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லை.

‘கிறிஸ்தவ கேம்’ வாங்கினால் பிரச்னை தீர்ந்ததா?

இதையும் முயற்சி செய்து பார்த்துவிட்டார்கள். 1991-ல் ‘விஸ்டம் ட்ரீ’ நிறுவனம், ‘பைபிள் அட்வென்ச்சர்ஸ்’ என்ற கேமை நின்டெண்டோவின் அனுமதி இல்லாமலேயே தயாரித்து, கிறிஸ்தவ புத்தகக் கடைகளில் விற்றது. 1994-ல் வந்த அவர்களின் நோவா பேழை கேம் இன்னும் சுவாரசியம். ‘வுல்ஃபன்ஸ்டைன் 3டி’ என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் மென்பொருளை வைத்தே அதை உருவாக்கினார்கள். அங்கே நாஜி வீரர்களைச் சுட வேண்டும். இங்கே நோவா, அடங்காத விலங்குகள் மேல் உணவை வீசித் தூங்க வைக்க வேண்டும். படம் மாறியது. விளையாடும் முறை அப்படியே இருந்தது.

2006-ல் வந்த ‘லெஃப்ட் பிஹைண்ட்: எடர்னல் ஃபோர்சஸ்’ கேமில் அந்திக்கிறிஸ்துவின் படையோடு நியூயார்க்கில் மோத வேண்டும். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. மதத்தின் பெயரால் கொல்வதையா பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என்பது அவர்கள் கேள்வி.

காய்கறிகள் பேசும் ‘வெஜ்ஜி டேல்ஸ்’ கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே அங்கே உண்டு. அதை உருவாக்கிய ஃபில் விஷர், பிற்காலத்தில் தன் படைப்பையே விமர்சித்தார். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளத்தான் கற்றுக்கொடுத்தோமே தவிர, விசுவாசம் என்ன என்பதைச் சொல்லித் தரவில்லை என்பது அவர் வருத்தம். பெட்டியின் மேல் ‘கிறிஸ்தவ’ என்று எழுதியிருப்பதும் ஒரு லேபிள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை அப்போதும் மிச்சம் இருக்கிறது.

இன்றைய பெரிய சிக்கல் எங்கே இருக்கிறது?

இதுவரை பேசியதெல்லாம் திரையில் ‘என்ன தெரிகிறது’ என்பது பற்றி. ஆன்லைன் கேம்களில் ஆபத்து பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருந்து வருகிறது.

‘ஃபோர்ட்நைட்’ கேமை எடுத்துக்கொள்வோம். ரத்தம் இல்லை, பொம்மைப் படம் போல வண்ணமயமான உலகம். ‘டி’ சான்றுதான். வெறும் பட்டியலைப் பார்த்தால் பெரிய குறை தெரியாது. ஆனால் 2022 டிசம்பரில் அதன் தயாரிப்பாளரான எபிக் கேம்ஸ், அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் திரட்டியது, முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வாய்ஸ் சாட்டைத் தொடக்கத்திலேயே ஆன் செய்து வைத்தது. இரண்டு, பட்டன்களைக் குழப்பமாக அமைத்து, தெரியாமலே பணம் செலவழிக்க வைத்தது.

கெட்ட வார்த்தை கேமுக்குள் இல்லை. எதிர் முனையில் பேசும் யாரோ ஒருவர் வாயில் இருக்கிறது. அதனால்தான் ஆன்லைன் கேம்களில், பயனர்களுக்கு இடையே நடப்பதற்கு இந்தத் தரச்சான்று பொருந்தாது என்ற குறிப்பை இஎஸ்ஆர்பி சேர்க்கிறது. அந்தச் சின்ன எழுத்து வரியைப் படிப்பவர்கள் குறைவு.

அடுத்தது பணம். உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள்தான் ‘லூட் பாக்ஸ்’. இது சூதாட்டத்துக்குப் பழக்குகிறது என்று கவலைப்படும் பெற்றோர் ஏராளம். லாட்டரியே கூடாது என்று சொல்லும் சர்ச்சுகளில் வளரும் பிள்ளைகள், அதே பழக்கத்தை ‘எல்லோருக்கும் ஏற்றது’ என்ற லேபிளோடு கையில் வைத்திருக்கிறார்கள். 2020-ல்தான் இப்படிப்பட்ட கேம்களுக்கு ‘குலுக்கல் முறையில் பொருள் வாங்கும் வசதி உண்டு’ என்ற பொருளில் தனி எச்சரிக்கை வந்தது.

அப்போ, வீட்டில் என்னதான் செய்யலாம்?

அமெரிக்கக் குடும்பங்கள் பின்பற்றுவதில் நடைமுறைக்கு ஏற்றவை சில:

• லேபிளைத் தொடக்கமாக மட்டும் வையுங்கள். வயதுச் சான்றோடு, அதற்கான காரணம் எழுதியிருக்கும் வரியையும் படியுங்கள்.

• கேமை முதலில் நீங்களே விளையாடுங்கள். முடியவில்லையா? யாராவது விளையாடும் வீடியோவை அரை மணி நேரம் பாருங்கள்.

• மூன்று பட்டன்களைத் தேடுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு சாட், கேமுக்குள் பணம், தானாக அடுத்த வீடியோ ஓடுவது. மூன்றையும் அணைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

• திரை பொது இடத்தில் இருக்கட்டும். ஹாலில் விளையாடும்போது சத்தம் உங்கள் காதிலும் விழும்.

• நேரத்துக்கு எல்லை வையுங்கள். 2 முதல் 5 வயதுவரை தினமும் ஒரு மணி நேரம் போதும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் சொன்ன அறிவுரை. ‘டெக்-வைஸ் ஃபேமிலி’ புத்தகம் எழுதிய ஆண்டி கிரவுச் சொல்வது, தினமும் ஒரு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள், வருடத்தில் ஒரு வாரம் எல்லாத் திரையையும் அணையுங்கள். பிள்ளைகள் மட்டும் அல்ல, பெற்றோரும் சேர்ந்து.

• ‘கூடாது’ என்றால் காரணம் சொல்லுங்கள். காரணம் தெரியாத தடை, நண்பன் வீட்டு வாசல்வரைதான் தாங்கும். பதினைந்து வயதில் தனியாக முடிவெடுக்கப் போகிற பிள்ளைக்கு, ஒன்பது வயதிலேயே கூட உட்கார்ந்து பேசிப் பழக்க வேண்டும்.

நம்ம ஊரில் என்ன வசதி இருக்கிறது?

அதே படங்களும் அதே கேம்களும்தான் நம் போனிலும் ஓடுகின்றன. சினிமா என்றாலே வேண்டாம் என்று ஒதுங்கும் வீடுகளும், குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகும் வீடுகளும் தமிழ்நாட்டு கிறிஸ்தவர்களிடையே உண்டு. எந்த மதத்துப் பெற்றோரும் பயன்படுத்தக்கூடிய வசதிகள் இங்கேயும் வந்துவிட்டன.

2024 விதிகளின்படி தியேட்டர் படங்களுக்கு ‘யுஏ’ சான்று 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளே இதைச் சொல்லிவிட்டன. 13+ மற்றும் அதற்கு மேல் உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். அந்தப் பின் நம்பரைப் போட்டு வைத்தீர்களா என்று இன்றே பாருங்கள்.

பணம் கட்டி ஜெயிக்கும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் பந்தயம் இல்லாத சாதாரண கேமுக்குள் ‘ஸ்கின்’ வாங்கச் செலவழிப்பது வேறு விஷயம். பிளே ஸ்டோரில் 3+, 7+, 12+ என்று தெரியும் எண்ணும் முக்கியமாக கேமின் உள்ளடக்கத்தை வைத்துத்தான். அந்த கேமில் உங்கள் பிள்ளை யாரோடு பேசுகிறான் என்று அந்த எண் சொல்லாது.

அதை அறிய இன்னும் பழைய வழிதான். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ‘யாருடா அது, உன்கூட விளையாடுறது?’ என்று கேட்க வேண்டும்.